நான் மாட்டிய ஆரஞ்சு வெஸ்ட்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஜூன் மாதம். ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலம். மரே ஆற்றங்கரையில், ஆரஞ்சுத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்ன ஊரின் ஷோகிரவுண்டில் நானும் என் மனைவியும் எங்கள் மோட்டார்ஹோமை நிறுத்தித் தங்கியிருந்தோம். ஷோகிரவுண்ட் என்றால் வருடத்துக்கு ஒருமுறை ஆடு, மாடு, ராட்டினம் என்று பொருட்காட்சி நடக்கிற மைதானம். மற்ற நாட்களில் எங்களைப் போல வண்டியிலேயே குடியிருப்பவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு இடம் தருவார்கள். தண்ணீர்க் குழாய் உண்டு, மின்சாரம் உண்டு. பொதுக் குளியலறையில் சுடுதண்ணீர் வருவது மட்டும் அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

நாங்கள் இந்த வாழ்க்கைக்கு வந்தது திட்டம் போட்டு அல்ல. மெல்பர்னில் ரோவில் பகுதியில் பதினேழு வருடம் குடியிருந்தோம். என் ஐ.டி. கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தபோது குறைந்த ஆட்களில் நானும் ஒருவன். வயது ஐம்பத்தெட்டு, இனி யார் வேலை கொடுப்பார்கள்? பையன்கள் இரண்டு பேரும் அவரவர் வழியில் போய்விட்டார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினோம். திருச்சியில் இருக்கும் என் அக்கா செய்தி கேட்டு போனிலேயே அழுதாள். "சொந்த வீட்டுல வேற யாரையோ குடிவச்சிட்டு நீ ரோட்டுல குடித்தனம் பண்றியாடா?" என்றாள். நல்ல காற்று என்று ஏதோ உளறினேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எதுவும் கோணலாக இருந்தால் எனக்குத் தாங்காது. செருப்பு ஜோடியாக இல்லாவிட்டால் நேராக்குவேன். அடுத்தவர் சட்டைக் காலர் மடங்கியிருந்தால் கை தானாகப் போகும். மோட்டார்ஹோமை எங்கே நிறுத்தினாலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, மட்டம் சரியானால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். "தட்டுல சாம்பார் ஒரு பக்கமா ஓடினாத்தான் என்ன இப்போ?" என்று என் மனைவி கேட்பாள். அவளுக்குப் புரியாது. இதை ஒரு நல்ல குணமென்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த மைதானத்தில்தான் அவரைச் சந்தித்தோம். எங்களுக்கு இரண்டு வண்டி தள்ளி, பழைய டெலிவரி வேன் ஒன்றைத் தானே வெட்டி ஒட்டி வீடாக மாற்றிக்கொண்ட மனிதர். அறுபத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியை இழந்தபின், பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு படகில் வந்தவர். பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக வீசாவில், சிட்னியின் செவன் ஹில்ஸில் ஒரு பொதி கட்டும் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். நிரந்தர வீசா கிடைத்தது, மகளும் வேலைக்குப் போனாள். மறுமாதமே வேலையை விட்டுவிட்டு வேனை வாங்கிவிட்டார்.

"இத்தனை வருசமா இந்த நாட்டுக்குள்ள இருந்தும் செவன் ஹில்ஸைத் தாண்டி ஒண்டும் பாக்கேல்லை ஐசே. இனியும் ஒரு வீட்டுக்குள்ள குந்திக்கொண்டு இருக்க ஏலுமே?" என்பார். பருவத்துக்குப் பருவம் ஊர் ஊராகப் போய்ப் பழம் பறிப்பார். அப்போது ஆரஞ்சுப் பருவம்.

எனக்கும் அவருக்கும் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை ஐசே என்பார், என் மனைவியைத் தங்கச்சி என்பார். தினமும் நாலு மணிக்கு எல்லோரும் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மைதானத்து நடுவில் வட்டமாக உட்காருவது வண்டிவாசிகளின் வழக்கம். நான் வட்டம் கச்சிதமாக வரும்படி நாற்காலிகளை நகர்த்திவைப்பேன். நான் திரும்பியதும் அவர் தன் கதிரையை ஒரு சாண் வெளியே தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல் வானத்தைப் பார்ப்பார். நான் நெளிவதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் எழுந்து போய் அவரையும் சேர்த்து இழுத்து நேராக்குவேன். தினமும் இதே கூத்துதான்.

இப்போது அந்த வெஸ்டைப் பற்றிச் சொல்கிறேன்.

தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு அந்தக் கேம்பில் ஓர் ஏற்பாடு இருந்தது. காலை எட்டு மணிக்குள் தன் வண்டிக்கு வெளியே ஓர் அடையாளம் வைக்க வேண்டும். இருட்டும்போது அதை உள்ளே எடுத்துவிட வேண்டும். அடையாளம் வெளியே வந்துவிட்டால் ஆள் எழுந்துவிட்டார், நலமாக இருக்கிறார் என்று அர்த்தம். எட்டு மணி தாண்டியும் வரவில்லையென்றால் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். இதை நடத்தியவர் அங்கே இருந்த ஓர் ஆஸ்திரேலிய மூதாட்டி. எழுபது வயதைத் தாண்டியவர், தனியாக ஒரு கேரவனில் நாயோடு வாழ்பவர். எட்டு மணிக்கு நாயை நடத்திக்கொண்டு எல்லா வண்டிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவார். தனி ஆட்களின் மாற்றுச் சாவியும் அவரிடம்தான் இருக்கும்.

மூதாட்டியின் அடையாளம் ஒரு சிவப்புப் பூவாளி. நம் அண்ணனின் அடையாளம், தொழிற்சாலையில் பத்து வருடம் போட்டுத் தேய்ந்த, பளிச்சென்ற ஆரஞ்சு நிற வேலை வெஸ்ட், சட்டைக்கு மேல் போடும் கையில்லாத அங்கி. அதை வேனின் பக்கக் கண்ணாடியில் மாட்டிவைப்பார். முதலில் இந்த ஏற்பாட்டைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று கேலி செய்தாராம். ஆனால் ஒருநாள் என்னிடம் வேறு மாதிரி சொன்னார். "படகில இருக்கேக்க, நாங்கள் இருக்கிறமா செத்திட்டமா எண்டு கேக்க ஒரு சனமும் இல்லை. இப்ப பாரும், எட்டு மணிக்கு என்ர வெஸ்ட் தொங்குதோ எண்டு பாக்க ஒரு மனுசி நாயோட வருது." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அவர் கண் கொஞ்சம் கலங்கியதை நான் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. மைதானத்துக் குழாயிலிருந்து அவர் வேனுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய் புல்லில் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. எனக்கு இரண்டு நாளாகவே அது உறுத்திக்கொண்டிருந்தது. அவர் வெளியே போயிருக்கிறார் என்று நினைத்து, தண்ணீரை அடைத்து, ரப்பர் குழாயைக் கழற்றி, வட்டமாகச் சுற்றி அழகாக வைத்தேன். அவரோ வேனுக்குள் தலைக்குச் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இடுப்பில் சாரமும் முகமெல்லாம் நுரையுமாக வெளியே வந்தார். "ஐசே, உமக்குக் கை சும்மா இருக்காதோ? என்ர சாமானில தொடாதையும் எண்டு எத்தினை தரம் சொல்றது! கண்ணெல்லாம் எரியுது!" என்று கத்தினார். மைதானமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டியவன். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நல்லதுதானே செய்தேன், நாலு பேர் முன்னால் இப்படியா பேசுவது என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் வண்டிக்குள் போய்விட்டேன்.

நாலு மணி வட்டத்துக்கு அவர் வரவில்லை. நாய்க்கார மூதாட்டி சொன்னார், சற்று முன்பு அவரை வேன் வாசலில் பார்த்தாராம், தலை வலிக்கிறது, கொஞ்சம் படுக்கப் போகிறேன் என்றாராம். எனக்கு அது சாக்கு என்றே பட்டது. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வரவில்லை என்று முடிவு கட்டினேன்.

சாயங்காலம் என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அண்ணன் வண்டில லைட்டே எரியலயேங்க. போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்."

"கோவத்துல இருட்டுல உட்கார்ந்திருப்பார். நாளைக்கு அவரே வரட்டும்," என்றேன்.

"நீங்கதானே தண்ணிய நிறுத்துனீங்க?"

"நல்லதுக்குத்தானே நிறுத்தினேன்?"

அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அவளாவது போயிருக்கலாம். ஆனால் புருஷன் கோபித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு அவனை மீறிப் போக வேண்டாம் என்று நினைத்துவிட்டாள். அவள் அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வருந்துகிறாள். அந்தக் குற்றமும் என் கணக்கில்தான் சேர வேண்டும்.

இரவில் காற்றோடு நல்ல மழை. எப்போதோ நின்றிருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு நான் நடக்கக் கிளம்பியபோது வானம் வெளுத்திருந்தது, இன்னும் சரியாக விடியவில்லை. பழம் நனைந்திருந்தால் பறிக்க மாட்டார்கள், ஆகவே அன்று அவருக்கு வேலை இல்லை என்று தெரியும். அவர் வேனைத் தாண்டும்போது பார்த்தேன். ஆரஞ்சு வெஸ்ட் சேற்றில் விழுந்து கிடந்தது.

மனுஷர் பழக்கதோஷத்தில் சீக்கிரமே எழுந்து மாட்டிவிட்டார், காற்று தள்ளிவிட்டது என்று நினைத்தேன். குனிந்து எடுத்தேன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நன்றாகப் பிழிந்தேன். உதறினேன். சேற்றைக் குழாயில் அலசி, மறுபடி பிழிந்தேன். பக்கக் கண்ணாடியில், இரண்டு தோளும் சமமாக வரும்படி இழுத்துவிட்டு மாட்டினேன். பறக்காமல் இருக்க அடியில் ஒரு கிளிப்பும் போட்டேன்.

கதவைத் தட்டவில்லை. தட்டினால் நான் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும். அவர் வெளியே வந்து, அலசி மாட்டிய வெஸ்டைப் பார்த்து, இது யார் வேலை என்று புரிந்து, தானே என்னிடம் வந்து சிரிக்க வேண்டும். அதுதான் என் கணக்கு. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

எட்டு மணிக்கு மூதாட்டி நாயோடு வந்தார். வெஸ்டைப் பார்த்தார். போய்விட்டார்.

அண்ணன் வரவே இல்லை. பதினோரு மணிக்கு என் மனைவி ரவா கிச்சடி கிண்டி, ஒரு டப்பாவில் போட்டு என் கையில் திணித்தாள். "போங்க. போய் சாரி அண்ணேன்னு சொல்லிட்டுக் குடுங்க. ரெண்டு கிழவனுங்களுக்கு நான் பஞ்சாயத்துப் பண்ண முடியாது," என்றாள்.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. "அண்ணே, போதும் கோவம். கிச்சடி சூடா இருக்கு," என்றேன். உள்ளே ஏதோ மெல்ல உரசுகிற சத்தம். மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே உரசல். சுவரை யாரோ நகத்தால் கீறுவது போல. அந்தப் பக்கம் வந்த மூதாட்டி, அவர் நலம்தான், காலையிலேயே வெஸ்ட் மாட்டியிருந்தாரே என்றார். நான் அந்த உரசல் சத்தத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. சாவி எடுக்க ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது.

கட்டிலுக்கும் சமையல் மேடைக்கும் இடையில் இருந்த சின்ன இடைவெளியில் அவர் கிடந்தார். இடுப்பில் நேற்று மதியம் நான் பார்த்த அதே சாரம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. இடது கை விரல்கள் மட்டும் வேன் சுவரைக் கீறிக்கொண்டிருந்தன. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், எச்சில்தான் வந்தது. நான் பக்கத்தில் மண்டிபோட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணே, அண்ணே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கிச்சடி டப்பாவை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

ஆம்புலன்ஸ் வந்தது. பக்கவாதம் என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள். வந்த பெண் ஒரே கேள்வியை அழுத்தமாகக் கேட்டார். கடைசியாக இவர் நன்றாக இருந்தது எப்போது?

மூதாட்டி உடனே சொன்னார், இன்று காலை எட்டு மணிக்கு நன்றாக இருந்தார், தன் வெஸ்டை வெளியே மாட்டியிருந்தார், நானே பார்த்தேன் என்று. அந்தப் பெண் எழுதிக்கொண்டார். போனில் ஆஸ்பத்திரிக்கும் சொன்னார். எட்டு மணிக்குப் பிறகுதான், இன்னும் நேரம் இருக்கிறது என்று அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடியில் வெஸ்ட் தொங்கியது, இரண்டு தோளும் சமமாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் மாட்டி விழுந்ததென்றால் அது ஏன் அப்படிச் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது? நான் கிளம்பும்போது மழையே இல்லையே. அது ஞாயிற்றுக்கிழமை மாட்டிய வெஸ்ட். சாயங்காலம் அதை எடுத்து வைக்க அவர் எழுந்து வரவேயில்லை. இரவெல்லாம் மழையில் கிடந்திருக்கிறது. அதன் ஈரத்தை என் கையாலேயே பிழிந்து எடுத்துவிட்டு, இவர் நலமாக இருக்கிறார் என்று ஊருக்கு அறிவித்தவன் நான்.

இதைச் சொல்லவே எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. நான் உடனே வாயைத் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஓர் எண்ணம் வந்தது. அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, பட்டை கட்டி, வேனிலிருந்து இறக்கும் வரை, இரண்டு மூன்று நிமிடம் இருக்கும், அந்த எண்ணத்தோடு நின்றேன். ஸ்ட்ரெச்சர் என்னைத் தாண்டும்போது அவர் கண் மறுபடி என் மேல் பட்டது.

"அந்த வெஸ்டை அவர் மாட்டவில்லை. நான்தான் மாட்டினேன்," என்றேன் ஆங்கிலத்தில். யாருக்கும் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். கீழே கிடந்ததை, ஏழு மணிக்கு, நனைந்து கிடந்ததை. ஆம்புலன்ஸ் பெண் என்னைத் திட்டவில்லை. அப்படியானால் இவரைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டார். மூதாட்டி மெதுவான குரலில், நான்தான், நேற்று நாலு மணிக்குச் சற்று முன்பு என்றார். அந்தப் பெண் முன்பு எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அந்தப் பேனா காகிதத்தில் கோடு இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. மூதாட்டி என்னைப் பார்க்கவில்லை. நாயின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். என் மனைவி என் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். சிறிது நேரம் கழித்து மறுபடி வைத்தாள்.

அவரை விமானத்தில் மெல்பர்னுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் வண்டியிலேயே பின்னால் போனோம். ஆறேழு மணி நேரப் பயணம். அங்கே டாக்டர் விளக்கினார். ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து ஒன்று உண்டு, பாதிப்பு வந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன். நேரம் கடந்தபின் கொடுத்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிரே போகலாம். நான் சொன்னதால்தான் அந்த ஆபத்து தவிர்ந்தது என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொல்லியிருப்பார்.

"ஏழு மணிக்கே நான் கதவைத் தட்டியிருந்தால்?" என்று கேட்டேன்.  சொல்ல முடியாது என்றார். தலைவலி சாயங்காலமே வந்திருக்கிறது, கட்டி எப்போது அடைத்தது என்று தெரியாது, நாலு மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் ஏதாவது மிஞ்சியிருக்கலாம், மிஞ்சாமலும் இருக்கலாம். அவ்வளவுதான். இல்லை, அப்போதும் பயனில்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆமாம், காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லியிருந்தால் தண்டனையாவது தெரிந்திருக்கும்.

சிட்னியிலிருந்து மகள் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண். ஆஸ்பத்திரி நடையில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாயைக் கழற்றியது, வீம்பு பிடித்தது, வெஸ்டைப் பிழிந்தது, இரண்டு மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தது வரை. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிவில் "ஓகே அங்கிள்," என்றாள். பின்பு, "அப்பா போன்ல ஒவ்வொரு நாளும் உங்களைப் பற்றித்தான் கதைக்கிறவர். நீங்கள் கதிரையை இழுத்து நேராக்கிற கதை. சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்," என்றாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

உயிர் தங்கியது. வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. மகள் அவரை செவன் ஹில்ஸ் பக்கமாக ஒரு முதியோர் காப்பகத்தில் சேர்த்தாள். நாட்டையே சுற்றிப் பார்க்கக் கிளம்பிய மனிதர், கிளம்பிய இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். எட்டு மாதம் எனக்கு அங்கே போகத் தைரியம் வரவில்லை. பின்பு ஒருநாள் என் மனைவி, "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி ஓடிட்டே இருப்பீங்க?" என்றாள். சிட்னிக்கு வண்டியைத் திருப்பினோம்.

காப்பக வாசலில் மகள் காத்திருந்தாள். உள்ளே போகுமுன் ஒன்றைச் சொன்னாள். "அங்கிள், அப்பாக்கு ஒரு சொல்லுத்தான் மிச்சம். ஓம். எல்லாத்துக்கும் ஓம்தான். பசிக்குதோ, ஓம். நோகுதோ, ஓம். வேண்டாமோ எண்டாலும் ஓம். ஸோ, டோன்ட் டேக் இட் டூ சீரியஸ்லி." யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்கள். அவளுக்கு நான் என்ன கேட்கப்போகிறேன் என்று தெரிந்திருந்ததோ என்னவோ.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதியாக மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தின் இடது பக்கம் அசைந்தது. "ஓம்," என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊர்க்கதை, வண்டிக்கதை எல்லாம் சொன்னோம். ஒவ்வொன்றுக்கும் ஓம். பிறகு மகளும் என் மனைவியும் டீ எடுத்துவரப் போனார்கள்.

தனியாக இருந்தபோது கேட்டுவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு நான் கதவைத் தட்டியிருக்கணும். தட்டல. என்னை மன்னிப்பீங்களா?"

என்னையே பார்த்தார். "ஓம்," என்றார்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது? நான் உங்கள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனா என்று கேட்டிருந்தாலும் அதே ஓம்தானே வந்திருக்கும். இன்னொரு கேள்வி கேட்டுச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அவர் முன்னால் இருந்த சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கரண்டி, ஒரு காகிதக் கைத்துண்டு, ஒரு மூடிபோட்ட குவளை. கரண்டி துண்டின் மேல் நேராக இருந்தது.

அவருடைய இடது கை மெதுவாக மேலே வந்தது. விரலால் கரண்டியின் நுனியை ஒரு தள்ளுத் தள்ளியது. கரண்டி கோணலாகத் திரும்பி நின்றது. நான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை தவறிப் பட்டதா, வேண்டுமென்றே தள்ளினாரா, எனக்குத் தெரியாது. எனக்குக் கை பரபரத்தது. ஆனால் தொடவில்லை. டீ வரும்வரை அந்தக் கரண்டி கோணலாகவே இருந்தது, நான் அதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். இரண்டாவது தாக்குதல், தூக்கத்திலேயே. வேனைக் காலி செய்தபோது அந்த வெஸ்டை என்ன செய்வது என்று மகள் போனில் கேட்டாள். எனக்குத் தர வேண்டாம் என்றேன். அதைக் கையில் வாங்க என்னால் முடியாது. அவளே வைத்துக்கொண்டாள்.

நாங்கள் இன்னும் வண்டியில்தான் வாழ்கிறோம். ரசமட்டம் எங்கேயோ ஒரு பெட்டியில் கிடக்கிறது. எந்தக் கேம்புக்குப் போனாலும் காலையில் நடக்கும்போது தனியாக இருப்பவர்களின் கதவைத் தட்டி, குரல் கேட்டபிறகுதான் நகர்கிறேன். சிலர் தூக்கம் கெட்டதென்று எரிந்து விழுகிறார்கள், அவர்கள் திட்டுவது எனக்கு இனிமையாகக் கேட்கிறது. மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவருக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போன அந்தக் காலை ஏழு மணியை மட்டும், என்னால் இன்னும் நேராக்கி வைக்க முடியவில்லை.